மல்லிகாவின் அட்டையும் என் சிவப்பு மையும்

மருந்தாளுநர் சங்கத்து ஆண்டு மலருக்காக, பணிக்காலத்தில் நான் செய்த சாதனை ஒன்றை எழுதித் தரும்படி கேட்டு ஓர் இளம்பெண் வீட்டுக்கு வந்திருந்தார். அவரும் மருந்தகத்தில் வேலை பார்க்கிறவர்தான். காபி குடித்துக்கொண்டே, "சார், ஒரே போதை மாத்திரையா இருந்தாலும் ஆம்பளைங்க திரும்பத் தொடுறதுக்கு ஒரு காரணம், பொம்பளைங்க தொடுறதுக்கு வேற காரணமாம். குடுக்குற மருந்தும் ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யாதாம். இப்பல்லாம் பயிற்சியிலயே சொல்லித் தர்றாங்க. உங்க காலத்துல இதெல்லாம் தெரியுமா?" என்று கேட்டார்.

"ஓ, தெரியுமே" என்று சொல்ல வாயெடுத்தேன். உள்ளேயிருந்து என் மனைவி இருமினாள். அவளுக்கு மல்லிகா கதை தெரியும். அதனால் சாதனை என்ற பேச்சை விட்டுவிட்டு, நடந்ததை எழுதுகிறேன். மலர் அச்சாகும்போது தலைப்பை மாற்றிவிடாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

எங்களுடையது நெல் விவசாயக் குடும்பம். நாற்றுமுடியைக் கட்டத் தெரியாத பிள்ளை என்று என்னைப் படிக்க அனுப்பினார்கள். பாண்டிச்சேரியில் இரண்டு வருடம் மருந்தாளுநர் படிப்பு. அங்கே நான் உடைத்த கண்ணாடிச் சாமான்களைப் பற்றித் தனியாக ஒரு மலர் போடலாம். தேறி வந்தபோது என்னிடம் நிச்சயமாக இருந்த திறமை ஒன்றுதான், கையெழுத்து. அச்சடித்த மாதிரி எழுதுவேன். அதை வைத்துத்தான் காரைக்காலில் ஒரு தரும மருத்துவமனையில் வேலை கிடைத்தது. இப்போது அந்த மருத்துவமனையும் இல்லை, கட்டடமும் இல்லை. சான்றிதழில் மருந்தாளுநர் என்று இருந்தாலும் ஊருக்கு நான் கம்பவுண்டர் சார்தான்.

எழுபதுகளின் பிற்பாதியில் எங்கள் பகுதியில் ஒரு மாத்திரை பரவியிருந்தது. ஆம்பிட்டமின் வகை. தூக்கத்தையும் பசியையும் அடக்கி, உடம்பை முடுக்கிவிடும். சோர்வுக்கும் உடல் இளைப்பதற்கும் ஒரு காலத்தில் டாக்டர்களே எழுதிக் கொடுத்ததுதான். கட்டுப்பாடு வந்த பிறகும் லாரிகள் நிற்கும் இடங்களில் கிடைத்தது. ஜனங்கள் 'தூக்கம் வராத மாத்திரை' என்பார்கள். தினமும் எடுத்துப் பழகியவன் நிறுத்தினால் இரண்டு நாள் அடித்துப்போட்டது போலத் தூங்குவான். பிறகு அகோரப் பசி. அதற்கும் பிறகு வாரக்கணக்கில் எதிலும் பிடிப்பில்லாத ஒரு சோர்வு வரும். அந்தச் சோர்வில்தான் பலரும் திரும்ப மாத்திரைக்குப் போய்விடுவார்கள்.

இதைக் கவனிக்கவென்று பாண்டிச்சேரியிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒருமுறை, செவ்வாய்க்கிழமை, டாக்டர் தாவீது வருவார். பிரெஞ்சுக்காரர்கள் காலத்துப் படிப்பு. ஜீப்பிலிருந்து இறங்கியதும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் கவிழ்த்து வைப்பார். மணி பார்த்துக்கொண்டு நோயாளியிடம் பேசக்கூடாதாம். முதல் நோயாளியைப் பார்க்கும்வரை காபி கிடையாது. பார்த்து முடித்ததும் நோயாளிக்கு 'மெர்சி' சொல்லி நன்றி தெரிவிப்பார். லாரி கிளீனர் வந்தாலும் மெர்சிதான். இருபது வருடத்தில் அவர் என்னைத் திட்டியதே இல்லை. நான் எழுதியதில் ஏதாவது பிடிக்காவிட்டால் அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு அட்டையை என் பக்கம் நகர்த்துவார். அவர் திட்டியிருந்தால் நான் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

அவருக்காக நான் ஓர் அட்டை தயாரித்திருந்தேன். கோடு போட்டது, கட்டம் கட்டியது எல்லாம் நானே. எந்த டீக்கடைக்குப் போவீர்கள், கூட்டாளிகள் யார் யார், லோடு எந்த ஊர் வரைக்கும், சாராயம் உண்டா, பீடி எத்தனை என்று கேள்விகள். டாக்டர் மனச்சோர்வுக்கான இமிப்ரமின் மாத்திரை எழுதுவார், தினம் மூன்று. நான்கு வாரத்துக்கு எண்ணிக் கொடுப்பேன். அடுத்த செவ்வாய்க்கு வரும்போது மிச்சத்தைக் கொண்டுவர வேண்டும், அதையும் எண்ணுவேன். நடுவில் பழைய மாத்திரையைத் தொட்டால் 'தவறினார்' என்று தேதியோடு எழுதுவேன். மூன்று முறை தவறினால் அட்டையை மூடிவிடுவது விதி. இடம் காத்து ஒரு வரிசையே நின்றதால் வந்த விதி அது. டாக்டர் சொன்னது ஒரு வாக்கியம். நான் அதைச் சுவரில் எழுதி ஒட்டினேன்.

அட்டை நன்றாகவே வேலை செய்தது. பழைய டீக்கடைப் பக்கம் போகாதே என்றால் பாதிப் பேருக்குக் குணமாகிவிடும். கோட்டுச்சேரி ராசேந்திரன் அப்படித் தேறிய ஆள். காரைக்கால் அரிசி ஆலைகளிலிருந்து சேலம், ஈரோடு என்று லோடு ஓட்டுகிறவர். ஆறு மாதத்தில் கன்னம் வைத்துவிட்டது. என்னுடைய அட்டையின் பெருமையை யாருக்காவது விளக்க வேண்டுமென்றால் அவரைத்தான் கூப்பிட்டு நிறுத்துவேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவர் தன் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"சார், நான் வாங்கியாந்து வச்சிருந்த மாத்திரைய இவளும் எடுத்துப் பழகிட்டா. எனக்குத் தெரியவே தெரியாது. நான் விட்டுட்டேன். இவ விடமாட்டேங்குறா."

மல்லிகாவுக்கு அப்போது இருபத்தேழு, இருபத்தெட்டு வயதிருக்கும். பிறந்த ஊர் நெரவி. ஓர் அரிசி ஆலையில் நெல் அவிக்கும் இடத்தில் வேலை. விடிவதற்குள் அவித்த நெல்லைக் களத்தில் கொட்டிக் காயவைத்து, பகல் முழுக்கக் காலால் துழாவிவிட வேண்டும். வீட்டுக்குப் போனால் சமையல், தண்ணீர், எட்டு வயதுப் பெண் கலா. மாத்திரை போட்டால் எல்லா வேலையும் ஓடியது என்றாள். அதற்கு முன் பெண்கள் யாரும் இந்த மாத்திரைக்காக எங்களிடம் வந்ததில்லை. நான் அசரவில்லை. புது அட்டை ஒன்றை எடுத்தேன்.

"எந்த டீக்கடைக்குப் போவீங்க?"

மல்லிகா கணவனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நான் எங்கங்க டீக்கடைக்குப் போறது?"

'டீக்கடை: இல்லை' என்று அழகாக எழுதினேன். கூட்டாளிகள்: இல்லை. லோடு: இல்லை. சாராயம்: இல்லை. பீடி: இல்லை. இவ்வளவு சுத்தமான அட்டையை நான் பார்த்ததே இல்லை. இந்தப் பெண் ஒரே மாதத்தில் தேறிவிடுவாள் என்று அடுத்த மேசையில் இருந்த சிஸ்டர் பிலோமினாவிடம் சொன்னேன். சிஸ்டர் பிரசவம் பார்க்கிறவர், அளந்து பேசுவார். "அப்படிங்களா?" என்றார், அவ்வளவுதான்.

மருந்தும் ராசேந்திரனுக்குக் கொடுத்த அளவேதான். அவர் எழுபத்தைந்து கிலோ. மல்லிகா நாற்பத்தொன்று. நானே தராசில் நிறுத்தி, நானே எழுதிவிட்டு, நானே இருவருக்கும் தினம் மூன்று என்று எண்ணிக் கொடுத்தேன். பெரியவர்களுக்கு மூன்று என்று புத்தகத்தில் இருந்தது. இரண்டு பேரும் பெரியவர்கள்தானே.

நான்கு வாரம் கழித்து அடுத்த செவ்வாய் வந்தாள். முகம் தெளிவாக இருந்தது. தூக்கம் உண்டு, பசி உண்டு, மாத்திரை ஒன்றுகூட மிச்சமில்லை. 'நலம்' என்று எழுதினேன். டாக்டர் மெர்சி சொன்னார். இரண்டே வாரத்தில் ராசேந்திரன் வந்து நின்றார். "சார், போட்டுக்கிட்டா. விடியறதுக்குள்ள எல்லாப் பாத்திரத்தையும் ரெண்டு தரம் தேச்சிருக்கா. பேச்சு நிக்கல. சோறு தொடல." தேதி போட்டுத் 'தவறினார்' என்று எழுதினேன். அதற்கடுத்த செவ்வாயிலும் அவள் தெளிவாக வந்தாள். நலம். இரண்டு வாரம் கழித்து ராசேந்திரன் மறுபடி வந்தார். தவறினார். அப்புறம் ஒரு செவ்வாய், அப்போதும் நலம்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் எதிரில் வரும்போதெல்லாம் நன்றாக இருப்பவள், முதுகைத் திருப்பியதும் போட்டுக்கொள்கிறாள் என்றால் அது திமிர்தானே? என்னை ஏமாற்றுகிறாள் என்றுதான் நினைத்தேன். மூன்றாவது முறையாக ராசேந்திரன் வந்து சொன்ன அன்று, சிவப்பு மைப் பேனாவை எடுத்து அட்டையின் தலைப்பில் 'சொல் கேளாதவர்' என்று எழுதினேன். மருத்துவத்தில் அப்படி ஒரு நோய் கிடையாது. ஆனால் எழுத்து அம்சமாக விழுந்திருந்தது. ராசேந்திரனிடமே அதைக் காட்டினேன்.

"அப்ப அட்டைய மூடிடுவீங்களா சார்?"

"விதி அதுதான். அடுத்த செவ்வாய் டாக்டர் கையெழுத்துப் போட்டுருவாரு."

"டாக்டராலயே ஆவலன்னா நான் என்ன சார் பண்ணுறது? நெரவிக்கே அனுப்பிடுறேன். அங்க அவங்கண்ணன் பாத்துக்கட்டும். புள்ள எங்கிட்ட இருக்கட்டும்."

நான் அட்டையை அடுக்கில் வைத்தேன். குடும்ப விஷயத்தில் மூக்கை நுழைக்கக் கூடாது என்று ஒரு கண்ணியம். அவர் குடும்பத்தை இரண்டாக வெட்டக் கத்தியைக் கொடுத்ததே நான்தான் என்பது அப்போது உறைக்கவில்லை.

அந்த மாதம் இமிப்ரமின் வரத்துக் குறைவு. எல்லாருக்கும் இரண்டு வாரத்துக்குத்தான் கொடுத்திருந்தேன், மீதியை வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தேன். சிவப்பு மைக்கு இரண்டு நாள் கழித்து, காலை பத்து மணிக்குக் கூட்டம் நெரியும் நேரத்தில், எதிர்ச் சாரியில் சைக்கிள் கடை ஓரமாக மல்லிகா நிற்பதைப் பார்த்தேன். எங்கள் மருத்துவமனை வாசலிலேயே ஒரு பிள்ளையார் உண்டு. கட்டியவர் நேர்ந்துகொண்டு வைத்தது. அவரைத் தாண்டாமல் உள்ளே வர முடியாது. நான் ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தேன்.

"ஏம்மா, மாத்திரை வாங்கத்தானே வந்தே? உள்ள வா!"

அவள் கையை மட்டும் அசைத்தாள்.

"அங்கேயே நின்னா எப்படி? வரிசையில வா! உனக்கு மட்டும் தெருவுல கொண்டாந்து குடுப்பாங்களா?"

வரிசையில் இருந்த பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு இன்னும் ஏறிவிட்டது. "காரணத்தைச் சொல்லு! என்ன காரணம்?" என்று காரைக்கால் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். ஒரு கிழவி, "அட, யாராச்சும் அந்த மனுசன உக்கார வைங்கடி" என்றாள். எனக்கு அப்போது கல்யாணமாகி ஒன்பது வருடம், மூன்று பிள்ளைகள்.

சிஸ்டர் பிலோமினா எழுந்து வந்து என் கையிலிருந்த மாத்திரைப் பொட்டலத்தை வாங்கினார். "அவங்க வீட்டுக்கு விலக்கு, சார். பிள்ளையாரைத் தாண்டி வரமாட்டாங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத் தெருவைக் கடந்து போனார். இருவரும் கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் மருந்து எண்ணுகிற பாவனையில் குனிந்துகொண்டேன். ஒரே பொட்டலத்தை நான்கு தடவை எண்ணினேன், நான்கு தடவையும் வேறு வேறு எண்ணிக்கை வந்தது.

சிஸ்டர் திரும்பி வந்து மல்லிகாவின் அட்டையைக் கேட்டார். வாங்கி, நின்றபடியே படித்தார்.

"இந்தத் 'தவறினார்' தேதியையெல்லாம் எழுதுனது யாரு?"

"நான்தான்."

"ஒண்ணுக்கும் ஒண்ணுக்கும் எத்தனை நாள்னு எண்ணிப் பாத்தீங்களா?"

சுவரில் இருந்த நாட்காட்டியில் விரல் வைத்து எண்ணினேன். முதலுக்கும் இரண்டாவதுக்கும் இருபத்தெட்டு. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இருபத்தொன்பது.

"டாக்டர் எத்தனை நாளைக்கு ஒருக்க வர்றாரு?"

"இருபத்தெட்டு."

அதற்கு மேல் சிஸ்டர் ஒன்றும் கேட்கவில்லை. மல்லிகா தெருவில் சொன்னதை ஒவ்வொன்றாகச் சொன்னார். தூரமாவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னாலிருந்தே மல்லிகாவுக்கு உடம்பு கனத்து, மனசு உடைந்து, அழுகையும் ஆத்திரமுமாக வருமாம். மாத்திரையின் ஞாபகம் அந்த நாலைந்து நாள்தான் பிடித்து ஆட்டுமாம். குளித்து எழுந்தால் போய்விடுமாம். டாக்டரின் செவ்வாய்க்கிழமை, அவளுடைய நல்ல நாட்களுக்கு நட்டநடுவில், மாதா மாதம் வந்து விழுந்திருக்கிறது. நாங்கள் பார்த்ததெல்லாம் செவ்வாய்க்கிழமை மல்லிகாவை. மற்றவளை நாங்கள் ஒருநாளும் பார்த்ததில்லை.

இதோடு போகவில்லை. அவள் வேலை பார்த்த ஆலையில் ஒரு வழக்கம் உண்டாம். தூரமான பெண் களத்து நெல்லை மிதிக்கக் கூடாது. அதற்காக லீவு தருவார்கள் என்று நினைத்தால் என்னைவிடப் பெரிய அப்பாவி நீங்கள். அந்த மூன்று நாளும் உமி சுமந்து கொதிகலன் அடுப்பில் தள்ளுகிற வேலைக்கு அனுப்புவார்கள். ஆலையிலேயே கடினமான வேலை அது. அந்த அனலில் நின்றால் நாங்கள் கொடுத்த இமிப்ரமின் நாக்கை உலர்த்தி, எழுந்தால் தலையைச் சுற்றவைத்திருக்கிறது. இரண்டு முறை அடுப்பருகே விழப் பார்த்திருக்கிறாள். அதனால் அந்த நாட்களில் எங்கள் மாத்திரையை விட்டுவிட்டு, லாரிக்காரர்களிடம் பழைய மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

"எங்கிட்ட மிச்சம் எதுவும் வரலியே! எண்ணிக்கை சரியா இருந்துச்சே!" என்றேன். அந்த நேரத்திலும் என் அட்டையை விட்டுக்கொடுக்க மனசில்லை.

"நீங்கதான் எண்ணிக்கை சரியா இருந்தா 'சபாஷ்'னு சொல்லுவீங்களாமே. மிச்சத்தை உமியடுப்புல போட்டுட்டு வந்திருக்காங்க" என்றார் சிஸ்டர். "அதை விடுங்க. அவங்க கையில பை இருந்ததைப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை.

"நெரவி பஸ்ஸுக்குப் போறாங்க. வீட்டுக்காரர் அனுப்பிட்டாராம். மருந்தாவது விடாம சாப்பிடலாம்னு போற வழியில வாங்கிட்டுப் போக நின்னுருக்காங்க."

வெளியே ஓடினேன். சைக்கிள் கடைக்காரர் மட்டும் இருந்தார். "பஸ் இப்பத்தான் சார் போச்சு" என்றார். சொல் கேளாதவள் என்று நான் எழுதியவள், வீட்டைவிட்டு அனுப்பிய பிறகும் என் மருந்தை வாங்க வெயிலில் காத்து நின்றிருக்கிறாள். தெருவில் நின்றபடியே எனக்குக் கண் கலங்கிவிட்டது.

டாக்டரின் செவ்வாய்க்கிழமை வந்தது. டாக்டர் கடிகாரத்தைக் கவிழ்த்து வைத்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே எனக்குள் ஒரு சின்ன நப்பாசை எட்டிப் பார்த்தது. இருபத்தெட்டு நாள் கணக்கைக் கண்டுபிடித்ததற்கு ஒரு பாராட்டு கிடைக்கலாம் அல்லவா? சிஸ்டர் பெயரைக் கொஞ்சம் தாமதமாகத்தான் சொன்னேன்.

டாக்டர் பென்சிலை எடுக்கவில்லை. "அவங்க வீட்டுக்காரர் அட்டையையும் எடுங்க" என்றார்.

ராசேந்திரனின் அட்டை என் பெருமைக்குரிய அட்டை. தைரியமாக எடுத்துக் கொடுத்தேன். டாக்டர் 'தவறினார்' பத்தியை விட்டுவிட்டு, ஓரத்தில் 'குறிப்பு' என்று இருந்த பத்தியைப் படித்தார். சேலம் லோடு அவசரம், ஒரு மாத்திரை. மச்சான் கல்யாணம், நண்பர்கள் வற்புறுத்தல், ஒன்று. ஈரோடு லோடு, ஒன்று. பழைய கிளீனரைப் பார்த்ததில், ஒன்று. எல்லாம் ராசேந்திரன் சிரித்துக்கொண்டே சொன்னவை, நானும் சிரித்துக்கொண்டே எழுதியவை.

"இதெல்லாம் என்ன?"

"அது... லோடு அவசரம் சார். தவறுனதுன்னு சொல்ல முடியாது."

"லோடுக்காகப் போட்டதுன்னு அந்த மாத்திரைக்குத் தெரியுமா?"

அவர் இரண்டு அட்டைகளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றில் நான்கு, ஒன்றில் மூன்று.

"விதிப்படி யாரோட அட்டையை மூடணும்?"

இருபது வருடத்தில் அவர் என்னிடம் கேட்டதிலேயே சுலபமான கணக்கு அதுதான். ராசேந்திரனின் அட்டையைத் தொட்டுக் காட்டினேன். அவர் சொன்னார், "நானும் மூணு செவ்வாய் பாத்தேன். நானும் கேக்கலை. மெர்சி சொல்லி அனுப்பிட்டேன்." பிறகு, பெண்கள் டாக்டர் வரும் நாளுக்குக் காத்திருக்காமல் உடம்பு படுத்துகிற அன்றே பக்கவாசல் வழியாக வந்து சிஸ்டரைப் பார்க்கலாம் என்று எழுதினார். மல்லிகாவுக்கு மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். ஆலை மேஸ்திரியிடம் உமி வேலையைப் பற்றிப் பேசும் பொறுப்பைச் சிஸ்டர் ஏற்றுக்கொண்டார். சுவரில் நான் ஒட்டியிருந்த விதியை டாக்டரே எழுந்து போய்க் கிழித்தார்.

"நெரவிக்கு லெட்டர் போட்டுரட்டுங்களா சார்?"

"வேணாம். நீங்க லெட்டர் நல்லா எழுதுவீங்க. நேர்ல போய்ச் சொல்லுங்க."

பிறகு என்ன ஆயிற்று என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதற்கப்புறமும் மல்லிகா இரண்டு முறை மாத்திரை போட்டாள், ராசேந்திரன் மூன்று முறை. இரண்டு அட்டையிலும் ஒரே சொல்லைத்தான் எழுதினேன். எண்பதுகள் பிறந்த பிறகு இருவருக்கும் அட்டை தேவைப்படவில்லை. மல்லிகாவுக்குப் பின் பெண்கள் பதினோரு பேர் வந்தார்கள். எல்லாருக்கும் அவளைப் போலவே மாதக் கணக்கு என்று சொல்லமாட்டேன். ஒருத்திக்குத் தூரத்து நாட்கள், ஒருத்திக்கு மாமியார் வந்து தங்கும் நாட்கள், ஒருத்திக்குக் காரணமே பிடிபடவில்லை. ஆனால் எவரிடமும் நான் டீக்கடையைப் பற்றிக் கேட்கவில்லை. இதெல்லாம் பின்னால் நடந்தது. முதலில் நான் கோட்டுச்சேரிக்குப் போக வேண்டியிருந்தது.

மறுநாள் காலை போனபோது ராசேந்திரன் வீட்டு வாசலில் லாரிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கலா படியில் உட்கார்ந்து தலையைத் தானே பின்னிக்கொண்டிருந்தாள். பின்னல் ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே. நான் விஷயத்தைச் சொன்னேன். உமி வேலை, இருபத்தெட்டு நாள், மருந்தின் அளவு என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். ராசேந்திரன் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"இருக்கட்டும் சார். ஆனா ஆம்பள தொழிலுக்காகப் போடுறதும் பொம்பள போடுறதும் ஒண்ணாங்க?"

அவரைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. என் அட்டையின் இரண்டு பத்திகளும் சொன்னது அதையேதான். பையிலிருந்து அவருடைய அட்டையை எடுத்து, குறிப்புப் பத்தியைத் தேதியோடு வாசித்தேன். நான்கையும் வாசித்து முடித்தபோது அவர் துணியைப் பிழிந்துகொண்டிருந்தார். அதில் தண்ணீரே இல்லை.

"நாலா?" என்றார்.

"நாலு. மல்லிகாவுக்கு மூணு. உங்களை நான் வீட்டைவிட்டு அனுப்பச் சொல்லலியே."

துணியை லாரிப் படியில் போட்டார். பிறகு, "கலா, செருப்பைப் போடு" என்றார். கோட்டுச்சேரியிலிருந்து காரைக்கால், அங்கிருந்து நெரவி என்று மூன்று பேரும் பஸ் மாறிப் போனோம்.

மல்லிகாவின் அண்ணன் வீடு வயலோரம். நடவு நேரம். சேற்றுக் காலோடு வரப்பேறி வந்தவள் எங்களைப் பார்த்ததும் கலாவின் கோணல் பின்னலைத்தான் முதலில் பார்த்தாள். அவிழ்த்துப் பின்ன ஆரம்பித்தாள். நான் பஸ்ஸில் மனப்பாடம் செய்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் போன இடம் தெரியவில்லை. "மல்லிகா, தப்பு என்மேலதாம்மா. கேக்க வேண்டியதைக் கேக்காம, எழுதக்கூடாததை எழுதிட்டேன்" என்றேன்.

"எங்கிட்ட எதுக்குங்க சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே" என்றாள், பின்னலிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீங்க சிவப்புல எழுதுனத இவரு வீட்டுல வந்து சொன்னப்ப இவளும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தா. ஒங்கம்மா சொல் பேச்சு கேக்காதவ, அதான் ஆஸ்பத்திரியிலயே வேணாம்னுட்டாங்கன்னாரு. இவகிட்ட சொல்லுங்க."

ராசேந்திரன் வரப்பைப் பார்த்தார். நான் சேற்றில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். வாழ்நாளில் டாக்டர், ஆய்வாளர், கலெக்டர் என்று எத்தனையோ பேர் முன்னால் நின்றிருக்கிறேன். எட்டு வயதுப் பிள்ளையின் முகத்துக்கு நேராகப் பேசத்தான் நாக்கு ஒட்டிக்கொண்டது.

"கலா, ஒங்கம்மா சொன்னதைக் கேட்டவங்கதான். நான்தான் தப்பா எழுதிட்டேன். டாக்டர் என்னையத்தான் தப்புன்னு சொன்னாரு."

கலா யோசித்தாள். அம்மாவின் கை அவள் தலையில் நின்றிருந்தது.

"மூணு தடவ தப்பு பண்ணுனா அனுப்பிடுவாங்கன்னு அப்பா சொன்னாங்க. ஒங்களுக்கு இது எத்தனாவது தடவ?"

எனக்கு எண்ணிக்கை தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். மல்லிகா சிரிக்கவில்லை. பின்னல் நுனியில் ரிப்பனை முடிந்துவிட்டு, வாய்க்காலில் காலைக் கழுவிக்கொண்டு, உள்ளே போய் அந்தப் பையை எடுத்து வந்தாள். ராசேந்திரன் அதை வாங்கக் கையை நீட்டினார். அவள் பையைக் கலாவிடம் கொடுத்தாள்.